லீவு நாளில் உடம்பை மெதுவாக அசைப்பது எப்படி: கம்பம் பக்கத்து ஆட்களுக்காக

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு, அஞ்சு மணி ஆனதும் காரணமே இல்லாமல் மனசு கனத்துப்போகிறது, வீட்டு ஆட்களிடம்கூடப் பேசப் பிடிக்கவில்லை, நாளைக்கு விடியக்காலை மறுபடியும் ஜீப்புக்கு நிற்க வேண்டுமே என்று வயிற்றைப் பிசைகிறது என்று சொல்கிறவர்கள் எங்கள் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கம் நிறையப் பேர். மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் சொல்கிறார்கள், திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள், போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பையன்களும் வேறு வார்த்தையில் அதையேதான் சொல்கிறார்கள். எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது, லீவு நாளை எப்படிக் கழித்தீர்கள் என்பதைத்தான். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்பது, பத்து மணி வரை தூக்கம், எழுந்ததும் படுக்கையிலேயே போன், மதியம் கறிச்சோறு, சாப்பிட்ட கையோடு மறுபடியும் தூக்கம். கண் விழித்தால் வெயில் தாழ்ந்திருக்கும், தலை பாரமாக இருக்கும், நாள் போயிருக்கும்.

படுப்பது தப்பில்லை. ஆறு நாள் உழைத்த உடம்பு படுக்கத்தான் கேட்கும். ஆனால் நாள் முழுக்க அசையாமல் கிடந்தால் முதுகும் இடுப்பும் பிடித்துக்கொள்கின்றன, பகலில் தூங்கியதால் ராத்திரித் தூக்கம் தள்ளிப்போகிறது, வெளிச்சமே பார்க்காததால் மனசும் மந்தமாகிறது. அதனால் லீவு நாளில் முப்பது, நாற்பது நிமிடமாவது, ஒரே மூச்சாக இல்லாமல் காலையில் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம் என்று பிரித்து, உடம்பை மெதுவாக அசையுங்கள் என்கிறேன்.

இதைச் சொன்னதும் எங்கள் தெருவில் மலைக்குப் போகிற சித்தி ஒருவர் கோபித்துக்கொண்டார். "ஆறு நாளும் மலையேறி இடுப்பு ஒடிஞ்சு வாறேன், ஏழாவது நாளும் என்னையப் போட்டு ஆட்டச் சொல்றியாக்கும்?" என்றார். கோபம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

வேலையில் படுகிற பாடும், நாமாக விரும்பி உடம்பை அசைப்பதும் மனசுக்கு ஒன்று கிடையாது. ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு நடக்கிற, விளையாடுகிற ஆட்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருப்பதையும், வேலைத்தளத்தில் உடம்பு முறிய உழைப்பதால் அந்த நன்மை அப்படியே வந்துவிடுவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யோசித்துப் பார்த்தால் நமக்கே புரியும். மலையில் எடுக்கிற ஒவ்வொரு அடியும் இன்னொருத்தர் வேகத்தில் எடுக்கிற அடி. ஜீப் வரும் நேரம், கங்காணி கூப்பிடும் நேரம், எடை போடும் நேரம் என்று எல்லாமே வெளியில் இருந்து வருகிறது. லீவு நாளில் நீங்கள் நடக்கும் நடை உங்கள் வேகம், நின்றால் ஏன் நின்றாய் என்று கேட்க ஆள் கிடையாது. மனசுக்கு ஓய்வு கிடைப்பது அங்கேதான். இதில் சொல்லப்போகும் எல்லாவற்றையும் அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் சொல்கிறேன், அதனால் எந்த அசைவும் உங்களுக்கு இன்னொரு கட்டளை மாதிரித் தோன்றினால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

எவ்வளவு மெதுவாக?

பாட்டு முணுமுணுக்க முடிகிற அளவு. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போக முடிந்தால் அது மிதமான வேகம், பாடவே முடிந்தால் அது லேசான வேகம். லீவு நாளுக்கு இந்த இரண்டாவதுதான் சரி. மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு செய்ய முடிய வேண்டும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். முடித்த பிறகு இன்னொரு தடவை இதையே செய்யச் சொன்னாலும் செய்வேன் என்று தோன்ற வேண்டும், சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தால் அது அன்றைக்கு அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று இருக்கிறது, சிலர் அதைப் பார்த்துவிட்டு மிச்சம் இருக்கிற கணக்கையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே தீர்க்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். அந்தக் கணக்கு வாரத்துக்கானது, லீவு நாளை அதற்குள் இழுக்காதீர்கள்.

போனில் காலடி எண்ணும் ஆப் இருந்தால் அன்றைக்கு மட்டும் அதைப் பார்க்காமல் இருங்கள். எண்ணத் தொடங்கினால் அதுவும் எடை போடுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

வாரம் முழுக்க எந்தப் பக்கம் வளைந்தீர்களோ, அதற்கு எதிர்ப்பக்கம்

யூடியூபில் கிடைக்கிற உடற்பயிற்சி வீடியோ எல்லாம் நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்காக எடுத்தவை. அவர்களைக் குந்தி எழச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஏலத்தோட்டத்துப் பெண்ணிடம் போய்ச் சொன்னால்? ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை, தூரில் இருந்து கிளம்பி மண்ணை ஒட்டிப் படர்ந்து கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. அதனால் பழம் எடுக்கிறவர்கள் தழைக்கு அடியில் குந்தி, தலையைக் குனிந்து, ஈரத்தில் நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். பழுத்ததை மட்டும் பார்த்துக் கிள்ளிவிட்டுப் பிஞ்சை விட்டுவிட்டு வருவதால் அதே செடிக்கு அந்தப் பருவத்திலேயே மறுபடி மறுபடி போகவும் வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் நாள் முழுக்க ஒரே அசைவு. திரும்பும்போது ஜீப்பில் நெருக்கியடித்து, கொண்டை ஊசி வளைவில் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இப்படிப்பட்ட உடம்புக்குக் குந்தி எழுவதும், குனிந்து கால் விரலைத் தொடுவதும் லீவு நாளில் தேவையே இல்லை. வேண்டியது மல்லாந்து விரிவது.

சித்தி மாதிரி ஆட்களுக்கு நான் சொல்வது இது. தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுங்கள். கெண்டைக்கால் இரண்டையும் பிளாஸ்டிக் நாற்காலியின் மேலோ கட்டில் விளிம்பிலோ வைத்துவிடுங்கள், தொடை நேராக மேலே, முழங்கால் மடிந்து இருக்கட்டும். பிட்டம் தரையில் நன்றாகப் பதிய வேண்டும், இடைவெளி விட்டு வளைந்து நிற்கும் கீழ்முதுகு கொஞ்ச நேரத்தில் தானாகப் பாயைத் தொடும். பத்து நிமிடம் அப்படியே. இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, அதுதான் இதில் உள்ள நல்ல விஷயம். பிறகு காலை இறக்கி, முழங்காலை மடித்துப் பாதத்தைத் தரையில் ஊன்றி, இரண்டு முழங்காலையும் சேர்த்து வலப்பக்கம் மெதுவாகச் சாய்த்து, மறுபடி இடப்பக்கம் சாயுங்கள். தரையைத் தொட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, போகிற வரை போகட்டும், ஒரு சாய்வுக்கு ஒரு மூச்சு. பத்துப் பதினைந்து தடவை போதும்.

அடுத்து அதே நிலையில் இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி, இரண்டு மூச்சு நிறுத்தி, முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகப் பாயில் படிகிற மாதிரி இறக்குங்கள். ஐந்தாறு தடவை. அப்புறம் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி, தலையையும் நெஞ்சையும் மட்டும் தூக்கி நாலு மூச்சு இருங்கள், வாரம் முழுக்கக் குனிந்த முதுகுக்கு இது நேர் எதிர். இதைச் செய்யும்போது வலி பிட்டத்தில் இருந்து காலுக்கு மின்னல் மாதிரி இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு, அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். கடைசியாக ஒரு சட்டியில் கை பொறுக்கும் வெந்நீர் வைத்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு, விரலை விரித்து மூடி, விரித்து மூடி, கட்டைவிரலை வட்டமாகச் சுற்றுங்கள். பிசினும் மண்ணும் ஏறிக் காய்த்துப்போன விரல் அந்தச் சூட்டில் இளகும். சும்மா கை கழுவுவது போலத்தான் தெரியும், ஆனால் செய்து முடித்த பிறகு முகமே மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, கையைத் தலைக்கு மேலே தூக்கித்தான் கவாத்தும் செய்ய வேண்டும், குலையும் வெட்ட வேண்டும். கழுத்தின் பின்பக்கமும் தோளும் இறுகிக் கல்லாகிவிடும், பலருக்கு அதுவே தலைவலியாக மாறும். இவர்கள் லீவு நாளில் கையைத் தூக்கிச் செய்யும் பயிற்சி எதையும் தொட வேண்டாம். சுவரில் முதுகும் பின்தலையும் சாய்த்து நின்று, தலையைத் தூக்காமல் குனியாமல் தாடையை மட்டும் பின்னால் இழுங்கள், இரட்டை நாடி விழுகிற மாதிரி இருக்கும். மூன்று எண்ணும் வரை வைத்துவிட்டு விடுங்கள், எட்டுப் பத்து தடவை. அப்புறம் மேசையிலோ ஜன்னல் திண்டிலோ இடது கையை ஊன்றிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, வலது கையைச் செத்த கை மாதிரித் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டுகிற ஆட்டத்தில் அந்தக் கை தானாக முன்னும் பின்னும் ஆடட்டும். தோளால் ஆட்டக் கூடாது. ஒரு நிமிடம் ஆனதும் கை மாற்றுங்கள். படுக்கும்போது தலையணையை எடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிக் கழுத்து வளைவுக்கு அடியில் வைத்து ஐந்து நிமிடம் கிடந்தால் அன்றைக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

ஜீப், லாரி ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பின் முன்பக்கம்தான் சுருங்கிப்போகிறது. கட்டிலின் ஓரத்தில் மல்லாக்கப் படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, இன்னொரு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள், தொடையின் முன்பக்கம் இழுபடுவது தெரியும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம். கடையில் நின்றே வியாபாரம் பார்க்கிறவர்களுக்குக் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுப்பது போதும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும், கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர்களும், மாதம் முற்றிய கர்ப்பிணிகளும் சுவரில் கால் தூக்கும் அதைச் செய்ய வேண்டாம்.

பயிற்சி எடுக்கும் தம்பிகளுக்கு

காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும், கயிறு ஏற வேண்டும். அதற்காக வாரம் முழுக்க ஓடிவிட்டு, லீவு நாளில் சும்மா இருந்தால் மற்றவன் முந்திவிடுவான் என்று பயந்து அன்றைக்கும் கிரவுண்டுக்குப் போகிற தம்பிகளை நிறையப் பார்க்கிறேன். கடுமையான பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும், தசை தன்னைச் சரிசெய்துகொண்டு பலம் ஏறுவதும் ஓய்வில்தான். ஓய்வைக் கொடுக்காமல் ஓடினால் முதலில் கெடுவது காலாக இருக்காது, மனசு. சின்ன விஷயத்துக்கு அம்மாவிடம் எரிந்து விழுவது, அசதியாக இருந்தும் தூக்கம் வராதது, போன மாதம் ஆசையாகப் போன கிரவுண்டுக்கு இப்போது போகவே பிடிக்காதது, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் உடம்பு நிறுத்தச் சொல்கிறது என்று அர்த்தம். காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல் நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிக் குறித்து வையுங்கள். உங்கள் வழக்கமான எண்ணைவிட அது நன்றாக ஏறி, சில நாளாக இறங்காமல் இருந்தால் பயிற்சியைக் குறையுங்கள்.

லீவு நாளில் நடங்கள், அவ்வளவுதான். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுச் செருப்புப் போட்டு நடங்கள். ஷூ போட்டால் கால் தானாக ஓடப் பார்க்கும்.

நடை: எங்கே, எப்போது, யாரோடு

காலை வெளிச்சத்தில் நடப்பதுதான் முதல் தேர்வு. எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் கண்ணில் பகல் வெளிச்சம் பட்டால் உடம்பின் கடிகாரம் சரியாகி, ராத்திரி நேரத்தோடு தூக்கம் வரும். திங்கட்கிழமை விடியலில் எழ வேண்டியவர்களுக்கு ஞாயிறு ராத்திரி தூக்கம்தான் மனசைக் காப்பாற்றும். லீவு என்று கூடுதலாகத் தூங்கினாலும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள், மிச்சத் தூக்கத்தை மதியம் இருபது நிமிடம், முப்பது நிமிடமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. 1895-இலிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிற பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் கால்வாய்க் கரைகள் இருக்கின்றன, சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைப் பந்தலும் தென்னையுமாக நிழல் இருக்கிறது. தண்ணீர் ஓடுகிற கரையாக இருந்தால் இன்னும் நல்லது, அந்தச் சத்தத்தில் மனசு தானாக வேகம் குறைகிறது. ஆனால் நடக்கத்தான் போகிறோம் என்பதை மறக்காதீர்கள். லோயர்கேம்ப் பக்கம் ஆற்றில் இறங்கி நிற்காதீர்கள், மேலே மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். லோயர்கேம்ப்பைத் தாண்டிக் குமுளி மலைப்பாதையில் நடக்கவும் போகாதீர்கள், அது காடு, யானை நடமாடும் இடம். சுருளி அருவிக்குப் போவதாக இருந்தால் அன்றைக்குக் குளிக்க விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள், தண்ணீர் பெருகினாலோ யானை வந்தாலோ வனத்துறை அடைத்துவிடும்.

ஆனி, ஆடியில் மலை இடுக்கு வழியாக வரும் காற்று ஆளையே தள்ளும், கண்ணில் மண் விழும், அந்த மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்வதுதான் வசதி. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் பகலும் இரவும் நம் ஊர் வழியாகத்தான் போகின்றன, கம்பம்மெட்டு ரோடு, குமுளி ரோடு இரண்டிலும் நடை வேண்டாம், உள்தெரு, தோப்புப் பாதை போதும். சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

யாரோடு போவது என்பது எங்கே போவது என்பதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். வேலையைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசாத ஒரு ஆள் இருந்தால் அவரோடு போங்கள். சின்னப் பிள்ளையோடு போனால் வேகத்தை அதுவே குறைத்துவிடும், வழியில் பத்து இடத்தில் நின்று ஓணானைப் பார்க்கும், நீங்களும் நின்று பாருங்கள். ஆள் இல்லையென்றால் தனியாகப் போய், நடக்கும்போது பாதத்தில் எது முதலில் தரையில் படுகிறது, எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது, என்ன வாசம் வருகிறது என்று கவனித்துக்கொண்டே போங்கள். மனசு வேறெங்காவது ஓடும், ஓடட்டும், தெரிந்ததும் மறுபடி பாதத்துக்குக் கொண்டு வாருங்கள். காதில் பாட்டு வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டியவர்கள் கேட்கலாம், செய்தி மட்டும் கேட்காதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுப்பதற்கு முன் பத்து, பதினைந்து நிமிடம் வாசலிலோ மொட்டை மாடி நிழலிலோ உலாத்தினால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். இன்சுலின் போடுகிறவர்கள் பையில் ஒரு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு லீவு எங்கே இருக்கிறது

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது எதுவும் நடக்காது. மலைக்குப் போகிற பெண்ணுக்கு ஞாயிறு என்பது வாரத்துத் துணி மூட்டை, தண்ணீர், கறிக்குழம்பு, ரேஷன் அரிசி புடைப்பது. துணிக்கல் முன்னால் குந்துவதும் ஏலச்செடி முன்னால் குந்துவதும் முழங்காலுக்கு ஒன்றேதான். வீட்டில் உள்ள ஆண்களும் வயசுப் பிள்ளைகளும் அந்தத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது துணிக்கல்லை இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டிக் கொடுங்கள், நின்றே துவைக்கலாம். அம்மா பாயில் கால் தூக்கி வைத்துப் படுத்திருக்கிற அந்த நேரத்தில் குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டுக் கூப்பிடாதீர்கள். அரை மணி நேரத்தை யாரும் தொந்தரவு செய்யாமல் கொடுப்பது, நான் சொல்கிற எந்தப் பயிற்சியைவிடவும் அவர்கள் மனசுக்கு நல்லது. மாதவிலக்கு நாளாக இருந்தால் நடையை விட்டுவிட்டு, பக்கவாட்டில் சுருண்டு படுத்து மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தால் போதும்.

மூச்சு

சாயங்காலம் அந்தக் கனம் இறங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அதாவது மூன்றரை, நாலு மணிக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு விரட்டுவதைவிட வருமுன் உட்காருவது சுலபம். வாசல் திண்ணையில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். நாலு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள், வயிறு கையைத் தள்ள வேண்டும், நெஞ்சும் தோளும் ஏறக் கூடாது. ஆறு அல்லது எட்டு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். விடுகிற மூச்சு இழுக்கிற மூச்சைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம், ஏனென்றால் மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடுகிறது, விடும்போது குறைகிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு செய்தால் அந்த வித்தியாசம் பலருக்கு விரலுக்கே தெரியும். ஐந்து நிமிடம். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், மூச்சை அடக்கி நிறுத்துவது எதுவும் வேண்டாம்.

மூச்சில் கவனம் வைத்தால் படபடப்பு கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அதற்குப் பதிலாக உள்ளங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கலாம். குதிகாலில் இருந்து விரல் வரை கட்டைவிரலால் அழுத்தி இழுத்து, ஒவ்வொரு விரலையும் பிடித்துச் சொடுக்கு எடுக்காமல் மெல்ல இழுத்துவிட்டு, பிறகு கணுக்காலைச் சுற்றி. எண்ணெய்க் காலோடு தரையில் நடக்காமல் துடைத்துவிட்டு எழுந்திருங்கள்.

எப்போது இதெல்லாம் வேண்டாம்

காய்ச்சல் இருந்தால், வயிற்றுப்போக்கு இருந்தால், அந்த வாரம் விழுந்து அடிபட்டிருந்தால் படுத்துத்தான் இருக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை வந்தால் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள், வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

மனசு விஷயத்திலும் ஒரு எல்லை இருக்கிறது. மெதுவான நடையும் மூச்சும் சோர்வான மனசுக்குக் கைகொடுக்கும், ஆனால் எல்லாவற்றையும் அதுவே சரிசெய்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியக்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, அல்லது நாம் இல்லாமல் போனால் என்ன என்று நினைப்பு வருகிறது என்றால் நடையோடு நிற்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இடுக்கிப் பக்கம் எஸ்டேட் லயத்திலேயே, அதாவது தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீடுகளிலேயே, தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே எண்தான். நேரில் பார்க்க வேண்டும் என்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நடந்ததும் நன்றாக இருக்கிறது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

லயத்தில் இருப்பவர்களுக்கும், மழை நாளுக்கும்

மலையில் மழை பிடித்தால் லீவு நாள் முழுக்க ஒரே அறைக்குள்தான். வாசல் நிலைப்படியில் நின்று, இரண்டு முழங்கையையும் நிலையின் இரு பக்கமும் தோள் உயரத்தில் வைத்து, ஒரு காலை முன்னால் வைத்து நெஞ்சைக் கொஞ்சம் வெளியே தள்ளுங்கள், நெஞ்சு விரியும், கண்ணுக்கு வெளிச்சமும் கிடைக்கும். திராட்சைக்காரர்கள் மட்டும் முழங்கையைத் தோளுக்குக் கீழே இறக்கி வையுங்கள். அப்புறம் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கி, அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கும் வரை அறைக்குள் உலாத்தினால் அதுவே நடை. குளிரில் தசை இறுகியிருக்கும், எதையும் எழுந்ததும் செய்யாமல் ஏதாவது சூடாகக் குடித்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

முதல் வாரமே எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். நாற்காலி மேல் கால் வைத்துப் படுப்பது, பதினைந்து நிமிட நடை, இரண்டு மட்டும் போதும். திங்கட்கிழமை காலை ஜீப்புக்கு நிற்கும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். சனிக்கிழமை இருந்ததைவிடப் பிடிப்பு அதிகமாக இருந்தால் நீங்கள் வேகமாகச் செய்திருக்கிறீர்கள், அடுத்த ஞாயிறு பாதியாகக் குறையுங்கள். இலேசாக இருந்தால் அதே அளவிலேயே இன்னும் ஒன்றிரண்டு வாரம் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சாயங்கால மூச்சைச் சேருங்கள்.